கம்பி வந்த பிறகு: வங்கதேச வீட்டுச் சோலார் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

வங்கதேசக் கிராமங்களில் 2003 முதல் 2018 வரை ஒரே திட்டத்தின் கீழ் 41 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் சோலார் பொருத்தப்பட்டது. சுமார் 2 கோடிப் பேர் அந்த வெளிச்சத்தில் இரவைக் கழித்தார்கள். கம்பி இழுக்காமலே ஒரு நாடு தன் கிராமங்களுக்கு மின்சாரம் கொடுத்த முயற்சிகளில் உலகிலேயே பெரியது இதுதான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 2013-ஓடு நிறுத்திக்கொள்வார்கள். அது உச்சத்தில் இருந்த ஆண்டு. இங்கே 2022 வரை போகிறேன். ஊர் ஊராக மக்களைச் சோலார் பக்கம் சாய்த்த காரணங்கள் எவை என்று பார்த்தால், பத்து வருடம் கழித்து அதே மக்களை அதிலிருந்து விலக்கியதும் கிட்டத்தட்ட அதே காரணங்கள்தான் என்று தெரிகிறது. கிராம வீடுகளை அடிப்படையாக வைத்து எரிசக்தித் திட்டம் போடுகிற எவருக்கும் இந்த இரண்டாம் பாதி மிக முக்கியம்.

இதில் வருகிற குடும்பங்கள், களப்பணியாளர்கள், டெக்னீஷியன்கள் யாருக்கும் பெயர் இல்லை. ‘ஒரு வீடு’ என்று எழுதும் இடத்தில், திட்டத்தில் சேர்ந்த கிராமக் குடும்பங்களின் வழக்கமான நிலையைத்தான் சொல்கிறேன். ஆண்டுகளும் திட்ட விவரங்களும் பொதுவில் பதிவானவை.

பின்னணி: வெளிச்சத்துக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த காசு

வங்கதேசம் ஆறுகளின் நாடு. மணல்திட்டுத் தீவுகளில் வீடுகள், ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும் கரைகள், மழைக்காலத்தில் தண்ணீருக்கு நடுவே நிற்கும் ஊர்கள். இப்படிப்பட்ட இடத்தில் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது செலவும் தாமதமும் பிடித்த வேலை. 2009-இல்கூட நாட்டு மக்களில் 47 சதவீதத்தினருக்குத்தான் மின்சாரம் கிடைத்தது என்கிறது அரசுக் கணக்கு. கிராமங்களில் நிலைமை இதைவிட மோசம்.

இருட்டினால் மண்ணெண்ணெய்தான். கண்ணாடி இல்லாத சிறிய தகர விளக்கு, கொஞ்சம் வசதி இருந்தால் அரிக்கேன். புகை, கண்ணெரிச்சல், குழந்தை தட்டிவிட்டால் தீக்காயம். டிவி பார்க்க ஆசைப்பட்ட வீடுகள் கார் பேட்டரி ஒன்றை வாங்கி வைத்திருந்தன. அது இறங்கியதும் சந்தைக்குத் தூக்கிப்போய்க் காசு கொடுத்து சார்ஜ் ஏற்றி வருவார்கள். பிறகு மொபைல் போன் வந்தது. அதற்கும் சார்ஜ் போடும் கடைக்குக் காசு.

ஆக, மின்சாரம் இல்லாத வீடு வெளிச்சத்துக்குச் செலவே செய்யவில்லை என்று நினைப்பது தவறு. மாதாமாதம் கையிலிருந்து பணம் போய்க்கொண்டுதான் இருந்தது, சில்லறை சில்லறையாக. திட்டம் பிடித்துக்கொண்ட முதல் நூல் அதுதான். அந்தச் சில்லறையை ஒரு மாதத் தவணையாக மாற்ற முடிந்தால், கொஞ்ச காலத்தில் பேனல் வீட்டுக்காரருக்கே சொந்தமாகிவிடும்.

கிராமீன் சக்தி என்ற அமைப்பு 1996-இலேயே இந்த வழியில் இறங்கியிருந்தது. ஆனால் தன் கையிருப்பை வைத்துக்கொண்டு ஓர் அமைப்பு எவ்வளவு தூரம் கடன் கொடுக்க முடியும்? நீண்ட காலத்துக்குப் பணம் போட ஆள் தேவைப்பட்டது.

2003: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அந்த ஆளாக வந்தது இட்கால். 1997-இல் தொடங்கப்பட்ட அரசு நிதி நிறுவனம் இது. உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் கை கொடுக்க, 2003-இல் வீட்டுச் சோலார் திட்டத்தைத் தொடங்கியது. 2008-க்குள் 50,000 வீடுகள் என்பது இலக்கு.

முதல் முடிவு, பேனலை இலவசமாகக் கொடுப்பதில்லை, அரசு அலுவலகம் மூலமாக விற்பதுமில்லை என்பது. கிராமங்களில் ஏற்கெனவே சிறுகடன் கொடுத்துப் பழகிய தொண்டு நிறுவனங்கள் விற்கும், பொருத்தும், வசூல் செய்யும், பழுது பார்க்கும். இட்கால் அவர்களுக்குக் கடன் கொடுக்கும். எந்த வீட்டில் யார் வேலைக்குப் போகிறார்கள், அறுவடைப் பணம் எப்போது வரும் என்பதெல்லாம் அந்த நிறுவனங்களின் களப்பணியாளர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவை எந்த அரசு அலுவலகமும் ஓரிரு ஆண்டில் உருவாக்கியிருக்க முடியாது. பின்னாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் சேர்ந்தன.

வீட்டுக்காரர் 10 முதல் 15 சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும். மீதியை மூன்று ஆண்டு வரை தவணையாகக் கட்டலாம். மானியம் ஒரு வீட்டுச் சோலார் அமைப்புக்கு 90 டாலர் என்ற அளவில் தொடங்கியது. ஆனால் அது போகப்போகக் குறையும் என்பது முதலிலேயே முடிவான விஷயம். கடைசியில் மிகச் சிறிய அமைப்புகளுக்கு மட்டும் 20 டாலர் என்று நின்றது. மானியத்தை நம்பியே சந்தை வளர்ந்தால், மானியம் நின்ற நாளில் சந்தையும் நின்றுவிடும் என்ற முன்யோசனை அதில் இருந்தது.

தரத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. எந்தப் பேனல், எந்த பேட்டரி, பேட்டரியில் சார்ஜ் ஏறுவதையும் இறங்குவதையும் கட்டுப்படுத்தும் எந்த சார்ஜ் கன்ட்ரோலர் திட்டத்துக்குள் வரலாம் என்பதைத் தனியாக ஒரு தொழில்நுட்பக் குழு தீர்மானித்தது. பேனலுக்கு 20 ஆண்டு, பேட்டரிக்கு 5 ஆண்டு, கன்ட்ரோலருக்கு 3 ஆண்டு வாரண்டி. நிறுவனம் முதலில் தன் பணத்தில் பொருத்திவிட்டுக் கணக்கு அனுப்ப வேண்டும். இட்காலின் ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் கடனும் மானியமும் வரும். காகிதத்தில் மட்டும் பேனல் போடும் பழக்கத்துக்கு இந்த வரிசை பெரிய தடையாக இருந்தது.

இன்னொரு உறுதிமொழியும் இருந்தது. வாங்கி ஓர் ஆண்டுக்குள் ஊருக்குக் கம்பி வந்துவிட்டால், தேய்மானம் கழித்து நிறுவனம் அமைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சேரத் தயங்கியவர்களுக்கு இது தைரியம் கொடுத்தது. கம்பி வருவதைத் திட்டம் யோசித்த ஒரே இடமும் இதுதான். அதுவும் ஓர் ஆண்டுக்கு மட்டும். கடனோ மூன்று ஆண்டு. பின்னால் வரப்போகும் சிக்கலின் விதை இந்த இரண்டு ஆண்டு இடைவெளியில் இருக்கிறது.

வீட்டுக்குள் நடந்தது

எண்களைவிட்டு ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். ஆரம்பகாலத்தில் பரவலாக விற்றது 50 வாட் அமைப்பு. தகரக் கூரைமேலோ தனிக் கம்பத்திலோ, தெற்கு பார்த்து, சுமார் 23 பாகை சாய்வில் பேனல். வீட்டு மூலையில் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. நடுவே சுவரில் சின்னப் பெட்டியாக சார்ஜ் கன்ட்ரோலர். நாலு விளக்கு, ஒரு கறுப்பு வெள்ளை டிவி, போன் சார்ஜ் போட ஒரு முனை.

மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்தின் ஆள் வருவார். தவணை வாங்குவது ஒரு வேலை. பேட்டரியைப் பார்ப்பது இன்னொரு வேலை. மூடிகளைத் திறந்து ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டு அமிலத்தின் அடர்த்தியைப் பார்ப்பார். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் அது 1.25-ஐ ஒட்டி இருக்கும். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். பேனல்மீது படிந்த தூசியைத் துடைக்கச் சொல்வார். அப்புறம் டெர்மினலை உற்றுப் பார்ப்பார். அங்கே புதிதாகச் சுரண்டிய தடம் இருந்தால் அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

பேட்டரி 11.5 வோல்ட்டை ஒட்டி இறங்கியதும் கன்ட்ரோலர் தானாக இணைப்பைத் துண்டித்துவிடும். சிவப்பு விளக்கு எரியும், டிவி நின்றுவிடும். நாடகம் பாதியில், கிரிக்கெட் கடைசி ஓவரில். வீட்டில் யாராவது ஒருவர் இரண்டு கம்பியை எடுத்து, கன்ட்ரோலரைச் சுற்றிக்கொண்டு, நேராக பேட்டரி முனையில் மாட்டிவிடுவார். டிவி ஓடும். பேட்டரி அடிமட்டம் வரை இறங்கும். ஈயத் தகட்டில் சல்பேட் கெட்டியாகப் படியும். இப்படியே தொடர்ந்தால் ஐந்து ஆண்டு உழைக்க வேண்டிய பேட்டரி இரண்டே ஆண்டில் போய்விடும்.

அந்த மாதாந்திர வருகை இதைத் தடுத்தது. கண்டிப்பதற்காக ஒருவர் வருகிறார் என்பதைவிட, அடுத்த மாதமும் அதே முகம் வரும், பழுதென்றால் பார்ப்பார் என்ற நம்பிக்கைதான் வேலை செய்தது. சரியாக எரிகிற விளக்குக்குத் தவணை வந்தது. வந்த தவணையில் டெக்னீஷியனுக்குச் சம்பளம் போனது. சம்பளம் கிடைத்ததால் அவர் அடுத்த மாதமும் வந்தார். என் பார்வையில் முழுத் திட்டமும் இந்தச் சிறு வட்டத்தின்மேல்தான் நின்றது. பேனல் அதற்குப் பிறகுதான்.

2005 முதல் 2013 வரை: சாய்ந்த தருணம்

2008-க்கு வைத்த 50,000 என்ற இலக்கு 2005-லேயே முடிந்துவிட்டது. 2011-இல் 10 லட்சம். 2013-இல் 20 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஒரே ஆண்டில் 8 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் பொருத்தினார்கள். தொடக்கத்தில் ஐந்தாண்டுக்கென்று வைத்த இலக்கு, அப்போது ஒரு மாத வேலையாகச் சுருங்கியிருந்தது.

விளம்பரத்தால் வந்த வளர்ச்சி என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஓர் ஊரில் முதலில் வாங்குவது கடைக்காரரோ ஆசிரியரோ, வெளிநாட்டிலிருந்து பணம் வரும் குடும்பமோதான். அடுத்தவர்கள் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்திருந்து பார்ப்பார்கள். எரிகிறதா, ஆள் வருகிறாரா, பேட்டரி தாங்குகிறதா? மூன்றும் சரியென்றால் அடுத்த பத்து வீடு தானாக வரும். ஓர் ஊரில் பத்து வீடு என்பது நாற்பதாகும்போது இன்னொன்று நடக்கிறது. டெக்னீஷியன் ஒரே சுற்றில் நாற்பது வீட்டையும் பார்த்துவிடலாம். ஒரு வீட்டுக்கான சேவைச் செலவு இறங்குகிறது. செலவு இறங்கியதால் 20 வாட் போன்ற சின்ன அமைப்பை விற்றாலும் கட்டுப்படியாகிறது. அது கிடைப்பதால் முன்பு வாங்க முடியாத ஏழை வீடும் உள்ளே வருகிறது.

வெளியிலிருந்தும் காற்று சாதகமாக வீசியது. பேனல் விலை உலகச் சந்தையில் சரிந்தது. எல்இடி வந்ததும் 6, 7 வாட் எடுத்துக்கொண்ட விளக்கின் வெளிச்சத்தை 2, 3 வாட்டில் பெற முடிந்தது. அதனால் பாதிப் பேனலே போதும் என்றானது. பேட்டரி, கன்ட்ரோலர், விளக்கு எல்லாம் உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கின. கிராமீன் சக்தி பயிற்சி மையங்களில் கிராமப் பெண்கள் கன்ட்ரோலரையும் விளக்குச் சுற்றையும் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். உதிரிப்பாகத்துக்காக டாக்காவை எதிர்பார்த்து வாரக்கணக்கில் காத்திருக்கும் நிலை மாறியது.

வீடுகளில் என்ன மாறியது? மண்ணெண்ணெய்ச் செலவு குறைந்தது. பிள்ளைகள் மாலையில் கூடுதல் நேரம் படித்தார்கள். இருட்டியபின் பெண்கள் வீட்டைச் சுற்றிப் போய்வர அச்சம் குறைந்தது. போன் எப்போதும் உயிரோடு இருந்தது. இதையெல்லாம் சிறிய விஷயம் என்று ஒதுக்குபவர்கள் தகர விளக்கின் புகையில் ஒரு வாரம் சமைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் வாங்கிய ஒவ்வொரு குடும்பத்தின் மனத்திலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: கம்பி இப்போதைக்கு வராது. பாட்டன் காலத்திலிருந்து வராதது இனி மூன்று வருடத்தில் எங்கே வரப்போகிறது என்ற அனுபவ முடிவு அது. சோலார் பக்கம் ஊரைச் சாய்த்த காரணங்களில் இது எழுதப்படாதது. திட்ட அறிக்கைகள் எண்ணியது கடன், தரம், சேவை மூன்றையும்தான்.

2014 முதல் 2018 வரை: எதிர்ப்பக்கச் சாய்வு

முதலில் அந்த எழுதப்படாத கணக்கு உடைந்தது. அரசு கம்பி இழுப்பதில் முழு மூச்சாக இறங்கியது. கிராமப்புற மின்வாரியம் மாதத்துக்கு லட்சக்கணக்கில் புதிய இணைப்புகள் கொடுக்கத் தொடங்கியது. கம்பி இன்னும் வராத ஊரிலும் கம்பம் நட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அந்தச் செய்தியே போதுமானதாக இருந்தது. அடுத்த வருடம் கரண்ட் வருமென்றால் இன்றைக்கு மூன்றாண்டுக் கடன் யார் வாங்குவார்கள்?

அதே சமயம் வேலைக்கு உணவு போன்ற கிராம நிவாரணத் திட்டங்களின் ஒதுக்கீட்டில் ஒரு பகுதி சோலாருக்குத் திருப்பிவிடப்பட்டது. அந்த வழியில் வந்த பேனல்கள் இலவசம். ஏழை வீட்டுக்கு விளக்கு கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் ஒரே தெருவில் ஒருவர் தவணை கட்டிக்கொண்டிருக்க, அடுத்த வீட்டுக்கு அதே பொருள் சும்மா வந்தால், கட்டுகிறவர் கை நின்றுவிடும். புதிதாக வாங்க நினைத்தவரும் தனக்கும் சும்மா வருமா என்று காத்திருப்பார்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. பேனல் விலை சரிந்தது திட்டத்தை வளர்த்தது என்று மேலே சொன்னேன். அதே சரிவு பழைய கடன்காரரை வேறு மாதிரி பாதித்தது. 2012-இல் மூன்றாண்டுக் கடனில் வாங்கியவர் 2014-இல் சந்தைக்குப் போகிறார். திட்டத்துக்கு வெளியே, தரச்சான்று ஏதும் இல்லாமல், மலிவான பேனல்கள் குவிந்து கிடக்கின்றன. தான் இன்னும் கட்ட வேண்டிய பாக்கியைவிட அங்கே புதியதன் விலை குறைவு. இந்த நிலையில் பாக்கியைக் கட்டச் சொல்ல எந்தப் பொருளாதார நியாயமும் மிஞ்சவில்லை. நிறுவனமும் பேனலைக் கழற்றிப்போக விரும்பாது. கழற்றிப்போனால் அதை விற்றுக் கடனை அடைக்க முடியாது.

வசூல் விழுந்தது. வசூல் விழுந்ததும் நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன, கிளைகளை மூடின. மாதாமாதம் வந்த முகம் வரவில்லை. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் பேட்டரிகள் காய்ந்தன. விளக்கு மங்கியது. எரியாத விளக்குக்கு ஏன் கட்ட வேண்டும் என்று, அதுவரை ஒழுங்காகக் கட்டியவர்களும் நிறுத்தினார்கள். ஏற்றிவிட்ட அதே வட்டம் இப்போது தலைகீழாகச் சுற்றியது. பெரிய நிறுவனங்களே தடுமாறின. இட்கால் அவர்களின் கடன்களை மாற்றியமைத்துக் காலத்தை நீட்டிக்க வேண்டிவந்தது. 2018-இல் இந்தத் திட்டக் காலம் முடிந்தபோது புதிய விற்பனை ஏறக்குறைய நின்றே போயிருந்தது.

பேட்டரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயிர் போன பேட்டரியை நிறுவனமே திரும்பப் பெற்று, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்ட விதி. நல்ல விதி. ஆனால் அதைத் தூக்கிப்போக வேண்டியவர் அந்த மாதாந்திர ஆள்தான். அவர் வராத ஊரில் பழைய பேட்டரிக்குக் கிடைக்கும் வழி காயலான் கடை. அங்கிருந்து திறந்தவெளியில் ஈயம் உருக்கும் இடங்களுக்குப் போகிறது. ஈயப் புகையும் மண்ணில் கலக்கும் ஈயமும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பவை. புகையில்லாத விளக்கைக் கொடுக்க வந்த திட்டத்தின் மிச்சம் இப்படிப் போய்ச் சேரும் சாத்தியத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கம்பி வந்த வீட்டில் பேனல் ஏன் நிற்கவில்லை

கம்பி வந்தாலும் பேனலையும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 50 வாட் பேனல் ஒரு நாளில் கையில் கொடுப்பது 150 முதல் 200 வாட்-மணி. நாலு எல்இடி விளக்கு நாலு மணி நேரம் எரிய ஏறத்தாழ 50 போதும். சின்ன டிவி, போன் எல்லாம் சேர்த்தால் 100-ஐ ஒட்டி வரும். இதுவரை சரி. ஆனால் சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். புழுக்கமான இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 600 வாட்-மணி. பேனலின் ஒரு நாள் உழைப்பைப்போல மூன்று, நான்கு மடங்கு. அதன் பிறகு ஃபிரிட்ஜ், இஸ்திரிப்பெட்டி, கலர் டிவி.

கம்பி வருவதை மக்கள் கொண்டாடியதில் எந்தத் தவறும் இல்லை. அந்த வீட்டுக்கு ஃபேன் தேவை, அது நியாயமான தேவை. கிராமத்து மக்களுக்கு நாலு விளக்கு போதும் என்று யாராவது முடிவுசெய்தால் அதைத்தான் நான் எதிர்ப்பேன்.

சிக்கல் வேறு இடத்தில். வீட்டுச் சோலார் 12 வோல்ட் நேர்மின்சாரம். கம்பியில் வருவது 220 வோல்ட் மாறுமின்சாரம். இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. உபரியைக் கம்பிக்குத் திருப்பிக் கொடுத்துக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் விதிகள் 2018-இல் வந்தன. அப்போது அவை மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டும், அதாவது ஆலைகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும். கிராமத்து வீட்டில் இருப்பது ஒற்றை ஃபேஸ். சோலாரை முதலில் தழுவிய மக்கள் அந்த விதியின் கண்ணில் படவே இல்லை.

முயற்சிகள் இல்லாமலில்லை. 2015-இல் ஷரியத்பூர் மாவட்டத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சோலார்களைச் சிறு கம்பியால் இணைத்து, மிச்சமுள்ள வீடு மின்சாரத்தை விற்கவும் தேவையுள்ள வீடு வாங்கவும் வழிசெய்யும் சோதனையை சோல்ஷேர் என்ற நிறுவனம் தொடங்கியது. எனக்குப் பிடித்த யோசனை இது. போட்டிருக்கும் பேனலை வீணாக்காமல் பயன்படுத்துகிறது. சந்தீப் தீவில் 2010-இலேயே 100 கிலோவாட் சோலார் சிறுமின்கட்டமைப்பு வந்திருந்தது. 2018-இல் கடலடிக் கேபிள் வழியாக நாட்டின் மின்கட்டமைப்பு அந்தத் தீவையும் எட்டியது. வீட்டுப் பேனலுக்கு வந்த அதே கேள்வி அங்கே ஓர் ஊர் அளவில் எழுந்தது.

2022: விளைவு

2022 மார்ச்சில் நாடு முழுவதும் 100 சதவீதம் மின்சாரம் என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்த இடம் பாய்ரா, 1,320 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையத்தின் தொடக்க விழா. 2009-இல் பாதி மக்களுக்குக்கூட இல்லாதது பதின்மூன்று ஆண்டில் எல்லோருக்கும் என்பது பெரிய சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் லட்சக்கணக்கான வீடுகள் வெயிலிலிருந்து எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் மாறியதும் அதே சாதனைக்குள்தான் இருக்கிறது.

நான்கு மாதம்கூடச் செல்லவில்லை. உலகச் சந்தையில் திரவ எரிவாயு விலை எகிற, ஜூலையில் டீசல் மின்நிலையங்களை நிறுத்தி, நாடெங்கும் முறைவைத்து மின்வெட்டு தொடங்கினார்கள். அக்டோபர் 4-ஆம் தேதி மின்கட்டமைப்பே விழுந்து நாட்டின் பெரும்பகுதி பல மணி நேரம் இருட்டில் இருந்தது. 2013-இல் வாங்கிய பேனலுக்கு அன்றைக்கும் வாரண்டிக் காலம் பதினொரு ஆண்டு பாக்கி இருந்தது. அதோடு வந்த பேட்டரிக்கு வாரண்டி 2018-லேயே முடிந்துவிட்டது. அந்த பேட்டரியை மாற்றிக் கொடுக்கவும் கன்ட்ரோலரைச் சரிபார்க்கவும் இருந்த சேவை வலையோ அதற்கு முன்பே கலைந்திருந்தது.

இதை வைத்துத் திட்டம் தோற்றது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2005-இல் பள்ளியில் சேர்ந்த குழந்தை, கம்பிக்காகக் காத்திருந்தால் பள்ளிப் படிப்பு முழுவதையும் மண்ணெண்ணெய் விளக்கில் முடித்திருக்கும். அந்தப் பத்து ஆண்டை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. வெளிச்சம் கொடுப்பது என்ற வேலையைத் திட்டம் நன்றாகவே செய்தது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி பக்கம் ஊரை நிலையாகச் சாய்ப்பது என்ற வேலை மட்டும் பாதியில் நின்றது.

மறுபடி செய்வதானால் எதை மாற்ற வேண்டும்

பெரிய மாற்றம் எண்ணும் முறையில் வேண்டும். திட்டம் எண்ணியது பொருத்தப்பட்ட அமைப்புகளை. பணமும் அதற்குத்தான் வந்தது. ஐந்தாம் ஆண்டில் எத்தனை எரிகின்றன என்பதற்கு நிறுவனத்துக்கு ஒரு தொகை கிடைத்திருந்தால், தவணை முடிந்த பிறகும் டெக்னீஷியன் அந்த வீட்டுக்குப் போக ஒரு காரணம் இருந்திருக்கும். தவணை வசூலும் பராமரிப்பும் ஒரே ஆளிடம் இருந்தது தொடக்கத்தில் பலம். வசூல் நின்றதும் பராமரிப்பும் சேர்ந்து நின்றதற்கு அதுவே வழிவிட்டது. சேவைக்கென்று தனியாகச் சிறு கட்டணம் இருந்தால் ஒன்று விழுந்தாலும் இன்னொன்று நிற்கும்.

இலவசப் பேனல்களை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வாங்க வழியே இல்லாத குடும்பங்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களை யார் என்று ஊரறியத் தீர்மானித்து, அதே தரக்குழு, அதே டெக்னீஷியன், அதே மாதாந்திர வருகை மூலம் கொடுத்திருந்தால் பக்கத்து வீட்டுத் தவணை நின்றிருக்காது.

ஆப்பிரிக்க நாடுகளில் இப்போது பரவும் முறையில், போன் வழியாகத் தவணை கட்டாவிட்டால் சோலார் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்கிறது. வசூல் பிரச்சினைக்கு அது ஒரு பதில். கம்பி வந்து, வீட்டுக்காரருக்கு அந்தப் பெட்டியே வேண்டாம் என்றாகிவிட்டால், பூட்டுவதால் என்ன பயன்?

ஆகவே கம்பியைப் பற்றி முதல் நாளே பேச வேண்டும். எந்த ஊருக்கு எந்த ஆண்டு கம்பி திட்டமிடப்பட்டிருக்கிறது என்ற வரைபடம் மின்வாரியத்திடம் இருக்கும். அது பேனல் விற்பவர் கையிலும் வாங்குபவர் கையிலும் இருக்க வேண்டும். வரைபடம் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் என்பது உண்மைதான். அப்படி மாறினால் அதன் நஷ்டத்தை மாற்றியவர்கள் ஏற்க வேண்டும், தவணை கட்டும் குடும்பம் ஏற்கக் கூடாது. ஓர் ஆண்டுக்கு இருந்த திரும்பப்பெறும் உறுதி, கடன் எத்தனை ஆண்டோ அத்தனை ஆண்டுக்கும் இருக்க வேண்டும். கம்பி வரும் நாளில் மீட்டர் பொருத்த வருகிற லைன்மேனே, விளக்குகளையும் போன் முனையையும் சோலாரில் விட்டுவிட்டு ஃபேனையும் மற்றதையும் கம்பியில் மாட்டிக் கொடுக்கலாம். இதற்குத் தேவை ஒரு மாற்றுச் சுவிட்சும் அரை நாள் வேலையும், அதை அவர் செய்ய வேண்டும் என்கிற ஓர் உத்தரவும். சில நூறு வாட் போடும் வசதியுள்ள வீட்டுக்கு, ஒற்றை ஃபேஸ் இணைப்பிலேயே உபரியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை கம்பியோடு சேர்ந்தே வர வேண்டும். பழைய பேட்டரிக்கு, காயலான் கடை கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு விலையை மின்வாரியத்தின் வட்டார அலுவலகத்திலேயே கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மாதாந்திர ஆள் இல்லாத ஊரிலும் அந்த அலுவலகம் இருக்கும்.